சுருளியம்மாளும் கொக்கிப்புழுவும்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் பொறுக்கும் கிடங்குகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும், கண் மங்கும். சுருளியம்மாளுக்கு வந்தது இழுப்பு. சுளகில் காயைப் போட்டுப் புடைத்து, வாய் வெடித்ததைத் தனியாகவும் பச்சை மாறாததைத் தனியாகவும் ஒதுக்கிக்கொண்டிருக்கும்போதே அவள் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம் கிளம்பும். பக்கத்தில் இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு, தொற்றிக்கொள்ளுமோ என்று சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

ஆடாதொடைக் கஷாயம் குடித்தாள். தூதுவளைத் துவையல் தின்றாள். மதுரைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டாள். ஊசி போட்ட அன்று மூச்சு சீராகும். கிடங்கில் அடுத்த மூட்டையைப் பிரித்ததும் பழையபடி ஆகிவிடும். 1975 மார்கழியில் ஒரு காலை, கிடங்கு வாசலிலேயே உதடு நீலம் பாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு கிடங்குக்காரர் அவளை உள்ளே விடவில்லை.

"ஏதாச்சும் ஒண்ணு ஆயிப்போச்சுன்னா யாரு தாயி பதில் சொல்றது?" என்றார்.

அவளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

அவள் கணவன் பெரியகருப்பன் குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்த்தான். மாதம் ஒருமுறை கீழே இறங்கி வருவான். அந்த மாதம் வந்தவன் நடந்ததைக் கேட்டுவிட்டு, அவளுடைய சேலைகளை ஒரு சாக்கில் போட்டுக் கட்டினான்.

"அங்க அடிக்கிற குளிர நான் தாங்குவனா?" என்றாள் சுருளியம்மாள்.

"இங்க கெடந்தா மட்டும் தாங்கிருவியாக்கும். என்ன ஆனாலும் ரெண்டு பேரும் ஒரு எடத்துல இருப்போம், வா."

குரங்கணி வரை ஜீப்பு. அதற்கு மேல் நடை. மற்றவர்கள் மூன்று மணி நேரத்தில் ஏறுகிற பாதையை, உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து, பொழுது சாயும்போது அவள் ஏறி முடித்தாள்.

ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். ஆனால் காய்ப்பது தரையோடு தரையாக, தூரிலிருந்து கிளம்பும் சரங்களில். அதை எடுக்க, ஈரச் சருகுக்குள் குத்தவைத்து உட்கார வேண்டும். சரிவில் வழுக்கும் என்று யாரும் செருப்புப் போடுவதில்லை. அட்டை ஏறாமலிருக்கப் புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துக் காலில் பூசிக்கொள்வார்கள். அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் கக்கூஸ் கிடையாது. எல்லாரும் ஒதுங்குவது அதே சரிவில், அதே செடிகளுக்குப் பின்னால்தான். மழைக்காலத்தில் கால் விரலிடுக்கில் அரிப்பெடுத்துச் சிறு சிறு கொப்புளங்கள் கிளம்பும். அதை அங்கே ஒருவரும் நோய் என்று எண்ணியதில்லை.

முதல் வருஷம் மலையிலும் இழுப்பு வந்தது. இரண்டாவது வருஷ மார்கழி வந்து போன பிறகுதான், அந்த மாதம் ஒருநாள்கூட மூச்சு முட்டவில்லை என்பது சுருளியம்மாளுக்கு உறைத்தது. ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது அதைச் சொன்னாள்.

"எல்லாம் மலைக்காத்துதான்" என்றான் பெரியகருப்பன்.

"வீரபாண்டி ஆத்தா கண்ணத் தொறந்துட்டா" என்றாள் அவள்.

லயத்தில் பக்கத்து வீட்டு மாயக்காள் துணியை ஓங்கி ஒரு அடி அடித்தாள். "காத்துமில்ல, ஆத்தாளுமில்ல. ஒன் மாமியா போடியிலயே தங்கிட்டால்ல? அதான்டி ஒனக்கு மூச்சு வருது."

மாயக்காள் பொட்டிபுரத்துக்காரி. புருஷனைப் பறிகொடுத்து மலைக்கு வந்தவள். ஊரில் அவளுக்கென்று ஒரு கூரை கிடையாது. வாய் மட்டும் எப்போதும் சளசளவென்று இருக்கும். உடம்பு வெளுத்துக் கிடக்கும். அடுப்பு மேட்டிலிருந்து ஒரு துண்டு மண்ணைப் பெயர்த்து மடியில் வைத்துக்கொண்டு, வெற்றிலை போடுகிற மாதிரி அவ்வப்போது வாயில் போட்டு மெல்லுவாள். கேட்டால், "புது மண்ணு வாசன புடிக்குது, நீயும் ஒரு கடி கடிக்கிறியா?" என்பாள்.

சுருளியம்மாளுக்கு மூச்சு வந்த அளவுக்குத் தெம்பு வரவில்லை. கூடையைத் தூக்கினால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவளுக்கு மட்டுமில்லை, லயத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான் இருந்தது.

1978இல், சுற்றுத் தோட்டங்கள் சேர்ந்து நடத்திய மருந்தகத்துக்குச் செவ்வாய்தோறும் ஒரு டாக்டரம்மா வர ஆரம்பித்தார். பெயர் சந்திரவல்லி. மதுரையில் படித்தவர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வந்த முதல் வாரமே ஒவ்வொரு பெண்ணின் கண் இமையையும் கீழே இழுத்துப் பார்த்தார். பிறகு கம்பவுண்டர் வீரையாவிடம் சொல்லி, எல்லாருக்கும் ஆளுக்கொரு சிறு தகர டப்பா கொடுக்கச் சொன்னார். மறுநாள் காலை வெளிக்குப் போனதில் புளியங்கொட்டை அளவு எடுத்துக் கொண்டுவர வேண்டும். லயமே சிரிப்பாய்ச் சிரித்தது. ஆனாலும் பெரும்பாலோர் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

ஜன்னலோரம் மைக்ராஸ்கோப்பை வைத்து, வெளிச்சம் போகும்வரை டாக்டரம்மா பார்த்தார். பத்துப் பேரில் எட்டுப் பேர் வயிற்றில் கொக்கிப்புழு. நூல் துண்டு மாதிரி இருக்கும், உள்ளங்கால் வழியாக நுழையும், ரத்தத்தோடு போய்க் கடைசியில் குடலைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். அதன் முட்டை மலத்தோடு வெளியே வந்து ஈர மண்ணில் பொரிக்கும், மறுபடி காலில் ஏறும் என்று விளக்கினார். எல்லாருக்கும் புழு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் பெண்களின் முகத்தில் நிறம் ஏறியது. மிகவும் பலவீனமாக இருந்த இருவரின் பெயர் எப்படியோ கங்காணியின் காதுக்குப் போக, அவன் அவர்களை வேலைக்கு ஆக மாட்டார்கள் என்று கீழே அனுப்பிவிட்டான். அதைப் பார்த்ததிலிருந்து மாயக்காள் மருந்தகத்துப் பக்கம் டப்பாவோடு போனதே இல்லை. மாத்திரையைக் கையில் கொடுத்தால் நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு, ஸ்டோருக்குப் பின்னால் போய்த் துப்பிவிடுவாள்.

சுருளியம்மாளுக்கும் நிறம் ஏறியது. நான்காவது மாதம் இழுப்பும் வந்தது.

அடுத்த மழைக்காலம் முழுவதும் வெறுங்காலோடு சரிவில் நடந்தாள். இழுப்பு மெல்ல அடங்கியது. 1980 ஐப்பசியில் மறுபடி எல்லாருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். மாசி பிறக்கும்போது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினாள். இந்தத் தடவை அவள் சும்மா இருக்கவில்லை. மருந்தகத்துக்குப் போனாள்.

"அண்ணே, அந்தப் புழு மாத்திர போட்டா எனக்கு இழுப்பு வருது. ரெண்டு தடவையும் அப்படித்தான்."

வீரையா பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார். "அப்ப புழு செத்ததுக்குத் துக்கம் கொண்டாடுறியாத்தா? பதினாறாம் நாள் காரியம் எப்ப? சொல்லு, சாப்பிட வர்றேன்."

உள்ளே இருந்த டாக்டரம்மாவுக்கு இது கேட்டது. கூப்பிட்டு உட்காரவைத்து எந்த மாதம், எத்தனை நாள் என்று கேட்டார். சுருளியம்மாளுக்குத் தேதி தெரியாது. எந்தக் காய் எடுப்பு முடிந்தபோது, எந்த நோன்புக்கு முன்னால் என்றுதான் தெரியும். டாக்டரம்மா அதையெல்லாம் மாதமாக மாற்றி எழுதிக்கொண்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஓர் ஆங்கில வைத்தியப் பத்திரிகையோடு வந்தார். இங்கிலாந்தில் ஒரு மருத்துவர் தன் உடம்பில் தானே கொக்கிப்புழுவை ஏற்றிக்கொண்டு பார்த்தாராம். ஒவ்வொரு கோடையிலும் மகரந்தம் பட்டால் அவருக்கு வரும் தும்மலும் சளியும் அதற்குப் பிறகு வரவில்லையாம். அதைத் தமிழில் சொல்லிவிட்டு டாக்டரம்மா தயங்கினார்.

"இது ஒரே ஒருத்தர் சொன்னது. உடம்பு, வெளியிலிருந்து வர்ற எதோடயும் சண்டை போடும். உங்க நெஞ்சு ஏலக்காய்த் தூசியோட தேவையில்லாம சண்டை போடுது, அதான் இழுப்பு. புழு உள்ள பிழைச்சிருக்கணும்னா அந்தச் சண்டைய அடக்கி வைக்கணும். ஒருவேளை அப்படி அடக்குறதுல உங்க இழுப்பும் சேர்ந்து அடங்குதோ என்னவோ. எனக்கு நிச்சயமாத் தெரியாது. புழு எதைச் சுரந்து அடக்குதுன்னு யாராவது கண்டுபிடிச்சா, புழுவே இல்லாம அதை மட்டும் மருந்தாக் கொடுக்கலாம்."

"அது எப்பம்மா வரும்?"

"நம்ம காலத்துல வருமான்னு தெரியல."

"அப்ப அது வர்ற வரைக்கும் அந்தப் புழுவவே திருப்பிக் குடுத்துருங்கம்மா."

"நான் கொடுக்க மாட்டேன். நோயை எடுத்துக் கொடுக்கிறதுக்கா டாக்டர் வேலை பார்க்கிறேன்?" என்றார் சந்திரவல்லி. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "ஆனா மழையில தானா ஏறினதைப் பிடிவாதமா எடுக்கவும் மாட்டேன்" என்றார்.

அன்று ஓர் உடன்பாடு ஆனது. சுருளியம்மாளுக்குப் புழு மாத்திரை கிடையாது. தினமும் இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட வேண்டும். மாதம் ஒருமுறை டப்பா வர வேண்டும். முட்டைக் கணக்கு ஒரு கிராமுக்கு இரண்டாயிரத்தைத் தாண்டினால், மறுபேச்சுப் பேசாமல் புழு மாத்திரையை விழுங்க வேண்டும்.

டாக்டரம்மா ஒரு நோட்டுப் போட்டார். ஒரு பக்கம் முட்டை, எதிர்ப் பக்கம் அந்த மாதம் இழுப்பு வந்த நாட்கள். ஆவணியில் முந்நூறு முட்டை, பதினோரு நாள் இழுப்பு. ஐப்பசியில் அறுநூறு, நான்கு நாள். மார்கழியில் எழுநூற்றைம்பது. எதிர்ப் பக்கத்தில் சுழி. அந்த மார்கழியில் இழுப்பு இல்லாமல் கழிந்தால் தீச்சட்டி எடுப்பதாகச் சுருளியம்மாள் வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு ஏற்கெனவே நேர்ந்திருந்தாள். டாக்டரம்மா அந்த நோட்டை வைத்து அதே பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதுவதாக இருந்தார்.

1982 சித்திரையில் வீரபாண்டியில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டார்கள். சுருளியம்மாள் காப்புக் கட்டிக்கொண்டாள். காலையும் மாலையும் ஓடையில் குளியல், கவிச்சி கிடையாது, தனிப்பாய், தனிச் சட்டி. அந்த இருபத்தோரு நாளுக்குள் டப்பா கொடுக்கிற செவ்வாய்க்கிழமையும் வந்தது. காப்புக் கட்டின கையால் அதை எடுப்பதா? டாக்டரம்மாவிடம் சொல்லி ஒரு மாதம் தள்ளிப் போட்டிருக்கலாம். ஆனால், டப்பா வராவிட்டால் மாத்திரை வந்துவிடும் என்று அவளுக்குப் பயம். மாதம் தவறாமல் டப்பா போய்ச் சேர வேண்டும் என்பதுதான் ஒப்பந்தம் என்று அவள் நினைத்திருந்தாள். உள்ளே இருப்பது யாருடையது என்பது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. எல்லாரும் ஒரே சரிவில் நடக்கிறார்கள், ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கிறார்கள். அப்படியானால் எல்லார் வயிற்றிலும் ஒன்றுதானே இருக்கும்?

மாயக்காளிடம் போய் நின்றாள். விஷயத்தைக் கேட்டு மாயக்காள் வாயில் இருந்த மண்ணைத் துப்பிவிட்டுச் சிரித்தாள்.

"நல்ல கூத்துடி இது. அரிசி கைமாத்தாக் கேப்பாங்க, பருப்புக் கேப்பாங்க. இதக் கைமாத்தாக் கேட்டு வந்த மொத ஆளு நீதான்."

"சத்தம் போடாதடி. சாமி காரியம்."

"சாமி காரியம்னா குடுக்காம இருப்பனா? கொண்டா டப்பாவ. எம்பேரு மட்டும் எங்கயும் வரக் கூடாது."

சுருளியம்மாள் வீரபாண்டிக்குப் போய்த் தீச்சட்டி எடுத்துவிட்டுத் திரும்பினாள். அடுத்த செவ்வாய்க்கிழமை வெரசா வரச் சொல்லி மருந்தகத்திலிருந்து ஆள் வந்தது.

டாக்டரம்மாவின் முகத்தில் சிரிப்பில்லை. "ஒன்பதாயிரத்து அறுநூறு" என்றார். "மூணு தடவை எண்ணிட்டேன். நம்ம பேச்சு என்ன?"

மேஜை மேல் ஒரு காகிதத்தில் மாத்திரைகள் இருந்தன. வீரையா தண்ணீர்த் தம்ளரோடு வந்து நின்றார். "முழுங்கிட்டு ஆன்னு வாயத் தொறந்து காட்டிட்டுப் போத்தா. ஸ்டோருக்குப் பின்னால மாத்திர மொளச்சுக் கெடக்குற சங்கதி எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

சுருளியம்மாள் மாத்திரையைக் கையில் எடுத்தாள். விழுங்கினால் நான்கு மாதம். ஆவணியில் பூனைக்குட்டி திரும்ப வந்துவிடும். கிடங்கு வாசலில் வானம் ஒரு தட்டு அளவுக்குச் சுருங்கிப்போன அந்தக் காலை அவள் நினைவுக்கு வந்தது. உண்மையைச் சொன்னால் மாயக்காளின் பெயர் வெளியே வரும், கங்காணி அவளைக் கீழே தள்ளிவிடுவான். விழுங்கிவிடுவோம் என்றுதான் முடிவு செய்தாள்.

அப்போது டாக்டரம்மா தனக்குத்தானே பேசுவதுபோல் சொன்னார்: "இவ்வளவு புழுவை வச்சுக்கிட்டு நீங்க எப்படி மேடேறி வந்தீங்கன்னே எனக்குப் புரியல. இந்த அளவு போனா ரத்தம் தண்ணியாயிடும். ஒருநாள் நடக்கும்போதே நெஞ்சு நின்னுடும்."

முந்தைய நாள் காய் எடுக்கும்போது மாயக்காள் இரண்டு செடிக்கு ஒருமுறை மரத்தில் சாய்ந்துகொண்டதைச் சுருளியம்மாள் பார்த்திருந்தாள். உதடு சுண்ணாம்பு மாதிரி இருந்தது. அப்போதும் ஏதோ கேலி பேசினாள்; பேச்சை முடிக்க மூச்சு போதவில்லை.

மாத்திரையைக் காகிதத்தின் மேலேயே திரும்ப வைத்தாள்.

"அது என்னோடது இல்லம்மா."

"எது?"

"டப்பாவுல இருந்தது. நான் காப்புக் கட்டியிருந்தேன். வேற ஆளுகிட்ட வாங்கிக் குடுத்துட்டேன்."

வீரையா குபீரென்று சிரித்தார். டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"எத்தனை மாசமா இப்படி?"

"இந்த ஒரு மாசந்தான்மா. ஆத்தா மேல சத்தியமா."

"யாருது அது?"

சுருளியம்மாள் தரையைப் பார்த்தாள். "பேரச் சொன்னா கங்காணிக்குப் போகக் கூடாது."

"நான் எந்தப் பட்டியல்லயும் எழுத மாட்டேன். ஆனா கீழ கொண்டு போக வேண்டிய நிலைமைன்னா அதை யாராலயும் மறைக்க முடியாது. அதையும் இப்பவே சொல்லிடுறேன்."



"மாயக்கா" என்றாள் சுருளியம்மாள்.

மாயக்காளின் விரலைக் குத்திப் பார்த்தபோது ரத்தம் நான்கு கிராம்தான் இருந்தது. ஆரோக்கியமான பெண்ணுக்குப் பன்னிரண்டு இருக்க வேண்டும். தூளி கட்டி நான்கு ஆட்கள் குரங்கணி வரை தூக்கிப் போனார்கள். அங்கிருந்து ஜீப்பு. தூளியில் ஏற்றும்போது மாயக்காள் சுருளியம்மாளைப் பார்த்து, "சாமிக்குன்னு கேட்டியேன்னு குடுத்தேன்டி. போலீசுல கொண்டு போயிக் குடுத்துட்டு வந்திருக்க" என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை.

கீழே ரத்தம் ஏற்றினார்கள். புழு மாத்திரையும் இரும்புச் சத்தும் கொடுத்தார்கள். ஆறு வாரம் கழித்து மாயக்காள் திரும்பி வந்தபோது, இனிமேல் அவள் சரிவுக்கு லாயக்கில்லை என்று கங்காணி சொன்னான். பெரியகருப்பன் போய்த் தோட்டத்து எழுத்தரிடம் இரண்டு நாள் மன்றாடி, ஸ்டோரில் உலர்ந்த காய் தேய்க்கும் வேலையில் அவளைச் சேர்த்துவிட்டான். அவள் முகத்தில் நிறம் வந்தது, மண் தின்பது நின்றது. சுருளியம்மாளோடு மட்டும் ஒன்றரை வருஷம் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அடுத்த வீட்டைத் தாண்டி மூன்றாவது வீட்டுக்குப் போவாள்.

டாக்டரம்மா சுருளியம்மாளிடம் புது டப்பா வாங்கி எண்ணினார். எண்ணூறு. மாத்திரை தேவைப்படவில்லை. நோட்டில் சித்திரை மாதத்தின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார். பத்திரிகைக்குக் கடிதம் எழுதவில்லை.

"ஒரு மாசந்தான்னு நான் நம்புறேன் சுருளியம்மா. ஆனா படிக்கிறவங்க, மத்த டப்பாவெல்லாம் யாருதுன்னு கேப்பாங்க. கேட்டா என்கிட்ட பதில் இல்ல."

அந்தக் கடிதம் போகாததால் என்ன நஷ்டம் என்று சுருளியம்மாளுக்கு அப்போது புரியவில்லை. டாக்டரம்மாவின் குரல் இறங்கிப்போனது மட்டும் புரிந்தது. அதற்குப் பிறகு எந்தச் செவ்வாய்க்கிழமையும் அவள் தவறவில்லை. அடுத்த சித்திரையில் காப்புக் கட்டவும் இல்லை.

1985இல் சந்திரவல்லி திருநெல்வேலிப் பக்கம் வேலை மாறிப் போனார். போகும்போது சுருளியம்மாள் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார். இவருக்குக் காரணமின்றிப் புழு மாத்திரை கொடுக்க வேண்டாம், முதலில் முட்டையை எண்ணவும் என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியிருந்தது. அதற்குள் லயத்தில் கக்கூஸ் கட்டியிருந்தார்கள். பெண்கள் ரப்பர் செருப்புப் போட்டு வேலைக்குப் போனார்கள். சுருளியம்மாள் போடவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, புரட்டாசியில் ஒரு புது டாக்டர் முகாம் போட்டார். சுருளியம்மாள் சீட்டை நீட்டிவிட்டு, சண்டைக்குத் தயாராக நின்றாள். அந்த இளைஞர் சீட்டை இரண்டு முறை படித்துவிட்டு அவளுடைய டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தார்.

"மாத்திரையே தேவையில்லம்மா. உங்களுக்கு ஒண்ணுமே இல்ல."

"இல்லன்னா?"

"ஒரு முட்டை கூட இல்ல. பழைய புழுவெல்லாம் ஆயுசு முடிஞ்சு போயிருக்கும். புதுசா ஏற மண்ணுல எதுவும் இல்ல."

"நல்லாப் பாத்தீங்களாய்யா?"

"மூணு தடவை பார்த்தேன்."

அவள் சீட்டை மடித்து மடியில் செருகிக்கொண்டு மேடேறினாள். அந்த வருஷம் மார்கழி எட்டாம் தேதி காலையில், அடுப்புப் பற்ற வைக்கக் குனிந்தபோது நெஞ்சுக்குள் அந்தச் சத்தம் கேட்டது. பழைய வேகம் இல்லை. வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்துக் குழாய் அப்போது போடி மருந்துக் கடைகளில் கிடைக்க ஆரம்பித்திருந்தது. பெரியகருப்பன் போய் வாங்கி வந்தான். அதை உறிஞ்சினால் கால் மணி நேரத்தில் மூச்சு சீரானது.

மறுநாள் அவள் மருந்தகத்துக்குப் போய், வீரையாவிடம் ஒரு கார்டு எழுதித் தரச் சொன்னாள். சந்திரவல்லியின் திருநெல்வேலி விலாசம் அவரிடம் இருந்தது. வீரையா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, 'இங்கு அனைவரும் நலம், தங்கள் நலமறிய ஆவல்' என்று ஆரம்பித்தார்.

"அதெல்லாம் எதுக்குண்ணே? எடம் பத்தாமப் போயிரும். புரட்டாசியில புழு இல்லன்னு எழுதுங்க. மார்கழி எட்டாந்தேதி இழுப்பு வந்துச்சுன்னு எழுதுங்க."

"அவ்வளவுதானா?"

"ரெண்டுக்கும் நடுவுல எத்தன நாளுன்னு அந்தம்மா எண்ணிக்குவாங்க."

வீரையா நலத்தை அடித்துவிட்டு எழுதினார்.